ஆவணி முகூர்த்தம்

ஒரத்தநாட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே முன் சீட்டிலிருந்து கேட்டது: "நாலு கல்யாணத்துல சாப்பிட்டாச்சுடி. ஒண்ணுலகூட பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு தெரியாது."

ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் இரண்டு பெண்கள். இருபத்தைந்து வயது இருக்கும். சொன்னவள் ஜன்னல் கண்ணாடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"யாரு கூட போன?"

"ஆப்ல பழக்கமானவன்தான். நம்ம ஊரு டீக்கடையில சேந்து உக்கார முடியுமா? பந்தியில பக்கத்துல உக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சாப்பாட்டோட சரியா?"

"அப்புறம் வல்லத்துல ஒரு ரூமு. சாயங்காலம் அவன் ஒரு பஸ்ஸு, நான் ஒரு பஸ்ஸு. வேற எதுவும் கேக்கக்கூடாதுன்னுதான் பேச்சு."

"இப்ப ஆடியாச்சே. கல்யாணமே இருக்காதே?"

"அதான் ஆவணி வரட்டும்னு இருந்தேன்." கண்ணாடி மறுபடி திறந்தது. "நேத்து பத்திரிகை அனுப்பியிருக்கான்."

"இந்தத் தடவை எங்க?"

"நன்னிலத்துல. அவனுக்குத்தான் கல்யாணம்."

கண்ணாடியை இழுத்து மூடினாள். பிறகு தோழி மெதுவாகக் கேட்டாள்.

"போவியா?"

"மாப்பிள்ளை யாருன்னு தெரிஞ்சுட்டா எப்படிடி உக்காந்து சாப்பிடுறது?"