எதிர் நாற்காலியில் ஒருத்தர்

— உட்காரு நிஷிதா. நீ குறுக்கும் நெடுக்கும் நடக்கிறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது.

— எப்படி உட்கார்றது சேச்சி? அம்மாவ உள்ள கொண்டுபோயி எவ்வளவு நேரமாச்சு? ஒருத்தராவது வந்து ஒரு வார்த்தை சொல்றாங்களா?

— இதய ஆபரேஷன்னா நேரமாகத்தான் செய்யும். மூத்தவ சொல்றேன்ல, உட்காரு.

— சரி, அப்போ என்கூட விளையாடு. கதை எழுதற வகுப்புல சொல்லிக் குடுத்தது. முன்னபின்ன தெரியாத ஒருத்தரப் பாத்து, இவருக்கு என்ன வேணும், எதுக்குப் பயப்படறாருன்னு கேட்டுக்கணும். பதில் சொல்லச் சொல்ல கதை தானா வருமாம்.

— அம்மா உள்ள கிடக்கிறா, உனக்கு இங்க கதை.

— அதனாலதான். சும்மா இருந்தா கண்டதெல்லாம் தோணுது.

— யாரப் பாக்கணும்?

— எதிர்ல, மடியில குடையோட உட்கார்ந்திருக்காரே. அந்தக் கதவையே பாத்துட்டிருக்காரு. டீ விக்கிறவன் வந்து கூப்பிட்டான், காதுலயே விழல.

— பொண்டாட்டி உள்ள இருப்பா.

— பாத்தியா, உனக்கும் வருது. அவருக்கு என்ன வேணும்?

— அவ பிழைச்சு வரணும். வேற என்ன?

— அது இங்க இருக்கிற எல்லாருக்கும் வேணும். இன்னும் கொஞ்சம் யோசி.

— வீட்டுல சண்டை போட்டிருப்பாரு. இப்ப வருத்தப்படறாரு.

— சண்டை மாதிரி தெரியல. சட்டைய நல்லா இஸ்திரி போட்டிருக்காரு, பொத்தானத்தான் மாத்திப் போட்டிருக்காரு. பதறியடிச்சுக் கிளம்பியிருக்காரு.

— அப்போ எதுக்குப் பயம்?

— தனியா வீட்டுக்குத் திரும்பறதுக்கு.

— அதெல்லாம் விடு. கேக்கவே நல்லா இல்ல. அம்மா வெளிய வரட்டும், தலச்சேரி வீட்ட வித்துட்டு அவள என்னோட மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.

— அம்மா வரமாட்டேன்னு சொன்னாளே.

— நம்மளப் பெத்த அச்சன் காலமானப்புறம் அந்த வீட்டுல அவளுக்கு என்ன இருக்கு? நம்ம அம்மா யசோதா டீச்சர்னா ஒரு காலத்துல பள்ளிக்கூடமே நடுங்கும். என்கிட்ட மட்டும், ஏன் வரமாட்டேங்கிறேன்னு கேட்டா, வாயே திறக்கமாட்டா.

— உன்கிட்ட யாரு சேச்சி வாயத் திறக்க முடியும்? நீ பேசி முடிச்சுட்டுத்தானே கேள்வியே கேப்ப.

— குத்தாதே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ராத்திரி யாரு அவளப் பாத்துப்பா? இன்னிக்கி நான் இங்க இருக்கேன். எப்பவும் இருக்க முடியுமா?

— ஐயோ, மறுபடியும் ஆரம்பிக்காத. என்னால இங்க உட்கார முடியல. அவர்கிட்டயே கேட்டுட்டு வரேன்.

— ஏய், பைத்தியமா உனக்கு? நிஷிதா, இங்க வா…

— அங்கிள், தப்பா நினைக்காதீங்க. ரொம்ப நேரமா ஒண்ணும் குடிக்காம உட்கார்ந்திருக்கீங்க. எங்க பிளாஸ்க்குல டீ இருக்கு, கொஞ்சம் ஊத்தித் தரட்டுமா?

— வேண்டாம் மோளே. அவ வெளிய வந்ததும் குடிக்கிறேன்.

— உள்ள யாரு?

— என்… மனைவி.

— நானும் சேச்சியும் அதத்தான் நினைச்சோம். கூட யாருமே வரலியா உங்களுக்கு?

— வராம என்ன. யசோதாவோட பொண்ணுங்க ரெண்டு பேரும் வந்திருக்காங்க. நான் யாருன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியாம உட்கார்ந்திருக்கேன்.