வசீலாவுக்கு ஒதுக்கின இடம்

இருங்க தம்பி, உங்க சம்சாரத்தைக் கூப்பிடாதீங்க. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நடந்து முடிக்கட்டும்.

விருந்துக்கு வர்றது யாரு, உங்க அண்ணன் குடும்பமா? காபெஸ் ஊர்லேருந்தா? வரட்டுமே. குஸ்குஸ் கொஞ்சம் லேட்டா வெந்தா என்ன குடி முழுகிடும்? கோவிச்சுக்காதீங்க. நான் மோன்ஜி. இந்த ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன். மூணு வருஷம் முன்னாடி மாரடைப்பு வந்துச்சு. அதுலேருந்து வாராவாரம் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, இதயத்துக்குப் பயிற்சியா மெஷின்ல நடக்கறேன்.

கண்ணாடிக் கதவு வழியா பாருங்க. பத்து பேர் நடக்கறாங்கல்ல? அதுல உங்க சம்சாரம் ஒருத்திதான் பொம்பளை. ஏன், பொம்பளைங்களுக்கு மாரடைப்பு வர்றதே இல்லையா? என் வீட்டுலயே வந்துச்சு தம்பி.

எனக்கு வந்தப்போ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அலறினேன், தெருவே கூடிடுச்சு. பொழச்சு வீட்டுக்கு வந்தா ராஜ மரியாதை. கால்ல சாக்ஸ் மாட்டிவிடறதுகூட என் சம்சாரம் வசீலாதான். டீப்பாத்திரத்தத் தூக்கினா ஓடி வந்து பிடுங்குவா. இங்க வர்ற அன்னிக்குத் துண்டு, தண்ணி எல்லாம் பையில வெச்சு, பஸ்ல கூடவே வருவா.

ரெண்டு வருஷம் கழிச்சு அவளுக்கு வந்துச்சு. நெஞ்சு வலியே கிடையாது. தாடை வலிக்குது, முதுகு இழுக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னா. நான் என்ன சொன்னேங்கறீங்க? நேத்து சாப்பிட்ட மீனு ஒத்துக்கலன்னேன். மருந்துக்கடைக்காரனும் வயித்துக்குத்தான் மாத்திரை குடுத்தான். ரெண்டு நாள் அதோடயே மாடிப்படி கழுவிட்டிருந்தா. மயங்கி விழுந்தப்புறம்தான் தூக்கிட்டு ஓடினோம்.

ஆமா, பொழச்சுட்டா. வீட்டுக்கு வந்த அன்னிக்கே, பாக்க வந்தவங்களுக்குக் காபி போட்டதும் அவதான். பக்கத்து வீட்டு நஜியா கேட்டா, ஏண்டி, கொஞ்சம் படுத்தாதான் என்னன்னு. நான் படுத்துட்டா இந்த மனுஷனுக்கு உப்பில்லாத சூப்பு யார் வெக்கிறதுன்னா. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

சமையலறையில வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருப்பா. பூண்டு உரிக்கறாளாக்கும்னு நெனப்பேன். மூச்சு வாங்க உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியல... தெரியலன்னு சொல்லக் கூடாது. பாக்கல.

புள்ளைங்களா? ரெண்டும் பிரான்ஸ்ல. அம்மா எப்படி இருக்கான்னு கேப்பாங்க. நல்லா இருக்கா, ஓடியாடி வேலை பாக்கறான்னு பெருமையா சொல்லுவேன்.

இல்ல தம்பி, இப்போ இல்ல. போன மார்ச் மாசம் போயிட்டா. நான் இங்கதான் நடந்துட்டிருந்தேன். நஜியாதான் போன் பண்ணா.

சேச்சே, டாக்டருங்களத் தப்பு சொல்லாதீங்க. அவங்க ரெண்டு தடவை போன்ல கூப்பிட்டாங்களே. உங்க வீட்டம்மாவுக்கு நடக்கறதுக்கு இடம் ஒதுக்கியிருக்கோம், ஏன் வரலன்னு. ரெண்டு தடவையும் நான்தான் எடுத்தேன். அவளுக்கு வீட்டுல நடக்கறதே ஜாஸ்தி, வேற யாராவது ஆம்பளைக்குக் குடுங்கன்னு வெச்சுட்டேன்.

அவ உள்ள எனக்கு மீன் கழுவிட்டிருந்தா. யாருங்க போன்லன்னா. ராங் நம்பர்னேன்.