கேட்பவர்கள்: இரண்டு

இரவு ஒன்றே முக்கால் மணி. ஊர் தாண்டிய நெடுஞ்சாலை. விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. ஓரமாக ஒரு கார்... உள்ளே என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். சட்டையில் உறைந்த மீன் வாடை. அதற்குள் யாரும் யார் கையையும் பிடிக்காதீர்கள், கதை இன்னும் தொடங்கவில்லை.

மொட்டை மாடியில் ஆன்டெனாக் கம்பம் நட்ட நாள் முதல் அவருக்கு ‘டவர்’ என்று பெயர். கம்பத்திலிருந்து இறங்கும் கம்பி, வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகிய கட்டைவிரல் அளவு ரேடியோவுக்குள் போகும். எந்த மூலையிலிருந்தும் போனிலேயே அதைத் திருகிக் கேட்கலாம். பழைய செருப்பும் உடைந்த குடையும் கிடந்த அறையில் அந்தக் கம்ப்யூட்டரை வைத்து, ‘கட்டுப்பாட்டு மையம்’ என்று பலகை மாட்டிப் பூட்டி, சாவியோடு திரிவார்.

“பாஸ்வேர்டு போட்டீங்களா மாமா?” என்றான் நண்பன்.

“அறிவுக்கு எதுக்குடா பூட்டு? உலகமே வந்து கேக்கட்டும்!”

உலகம் வரவில்லை. நான்கு மாதமாகத் திரையில் ‘கேட்பவர்கள்: ஒன்று’. அந்த ஒன்று அவரேதான்.

அன்றிரவு காரில் போனைத் திறந்தால்... இரண்டு.

டவருக்குத் தலைகால் புரியவில்லை. ரசிகன்! காரில் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியைக்கூடக் கோதிக்கொண்டார். முதலில் வந்தவர் கையில்தான் திருகும் உரிமை; ரசிகன் இவருக்கு முன்பே வந்திருந்தான். அலைவரிசையைக் காட்டும் சிவப்புக்கோடு தானாக நகர்ந்தது. மெதுவாக... தேடுவதுபோல். ஸ்ஸ்ஸ்... க்ரக்... ஸ்ஸ்ஸ்...

நின்றது.

மூச்சு. சின்ன மூச்சு. சளி கட்டிய மூச்சு. பின்னால் டக்... டக்... என்று தலையாட்டும் மின்விசிறி. அந்த ‘டக்’ அவருக்குத் தெரியும். தொட்டிலருகே வைத்த, சத்தத்தை ரேடியோ அலையில் அனுப்பும் பேபி மானிட்டர். அவருடைய எட்டு மாதக் குழந்தை.

ரசிகன் எங்கிருந்து கேட்கிறான் என்று பார்த்தார். வெளிநாடு இல்லை. பக்கத்துத் தெருகூட இல்லை. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரேதான்.

கிடங்கில் கொடுத்த இன்னொரு போனில் மனைவியை அழைத்தார். ரேடியோவிலும் மணி அடித்தது.

“என்னங்க... இந்நேரத்துல?”

“குழந்தையத் தூக்கிட்டு எதிர்த்தாப்ல டெய்லர் வீட்டுக்குப் போ. இப்பவே!”

“ஏன், உங்க கம்பம் சாஞ்சிடுச்சா?”

“விளையாடாதம்மா. கம்ப்யூட்டர் ரூம்ல யாரோ இருக்காங்க.”

“சாவி உங்ககிட்டதானே இருக்...” குரல் நின்றது. பிறகு, மிக மெல்ல: “நாற்காலி நகருதுங்க.”

ஓடினாள். காலடி... தாழ்ப்பாள்... வாசற்கதவு. அப்புறம் மின்விசிறி மட்டும்.

இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். டெய்லர் வீட்டு வாசலில் மனைவி. தோளில் குழந்தை, வாய் திறந்தபடி தூக்கம். போன உயிர் வந்தது. கூடவே வீராப்பும் வந்தது. டெய்லரின் அளவுகோலை ஆயுதமாக வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைந்தார்.

அறைப் பூட்டைத் திறந்தார். யாருமில்லை. சூடேறிய தூசி வாடை. திரையில் இன்னும் ‘இரண்டு’.

அப்போது கையிலிருந்த போனில் குழந்தை வீறிட்டது.

தொட்டில் அறைக்கு ஓடினார். தொட்டில் காலி. அறையில் சத்தமே இல்லை. போனில் மட்டும் அழுகை... மானிட்டரில் வாயை வைத்து அழுவதுபோல். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிரே, மனைவியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

பதறிப்போய்க் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார்.

அழுகை பாதியில் அறுந்தது.

மறுநாளே கம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார். இப்போதெல்லாம் யாரிடமும் விஞ்ஞானம் பேசுவதில்லை. குடும்பத்தில் பலருக்கு அதுவே பெரிய நிம்மதி.

குழந்தை நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறது, நடக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு ஒருமுறைகூட அழுததில்லை. விழுந்தாலும் இல்லை. பசித்தாலும் இல்லை. போன வாரம் தொடையில் தடுப்பூசி. ஊசி இறங்கும்போது நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாம்.

“அடடா, என்ன சமத்து!” என்று கன்னத்தைக் கிள்ளினாராம் நர்ஸ்.