கண்மாயில் விட்ட டிரவுட்

மீன் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. முள் எடுக்கப் பொறுமை கிடையாது. ஆனால் ஊர்த் தலைவனான பிறகு நமக்குப் பிடித்ததை மட்டுமா செய்ய முடிகிறது?

அறுபத்தேழில் ஊட்டிப் பக்கம் போனேன். மலை ஏரியில் டிரவுட் மீனைக் காட்டினார்கள். வெள்ளைக்காரன் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டதாம். ஊர் திரும்பியதும், நம் கண்மாயிலும் அதை விடுவேன் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். மறுபடி போய்த் தகர டப்பாவில் குஞ்சுகள் வாங்கி வந்தேன். குளிரில் வாழ்கிற மீன். மதுரை வருவதற்குள் அத்தனையும் செத்து மிதந்தன. இங்கே மேளமும் மாலையுமாக ஊரே காத்திருந்தது. அவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. மதுரையிலேயே ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு வாங்கி, அதே டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அது நன்றாகவே பெருகியது. நான்கு வருஷத்தில் விரால், கெளுத்தி, அயிரை எதுவும் வலையில் ஏறவில்லை. எனக்கு 'டிரவுட் தலைவர்' என்று பேர் வந்தது. கண்மாயில் வலை வீசிப் பிழைத்த சோணைமுத்து மட்டும் என்னிடம் வந்தான்.

"ஐயா, இது மலை மீனு இல்லைங்க. மதுரைச் சந்தையில கூறு கட்டி விக்கிற ஜிலேபிக் கெண்டை. நாட்டு மீனையெல்லாம் அழிச்சுப்புடுச்சு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேன்டா" என்றேன்.

சித்திரை மாதம். மடையடியில் மட்டும் குட்டையாகத் தண்ணீர் கிடந்தது. வியாழன் மதியம், ஹனிபா கடையில் வாங்கிய பூச்சிமருந்தை அதில் ஊற்றினேன். மீனே இல்லையென்றால் அது என்ன மீன் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

மீன்கள் மிதக்கத் தொடங்குமுன் சோணைமுத்துவின் பெண்சாதி காளியாயி வந்து குடத்தில் மொண்டாள். கரையில் என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னங்கய்யா, உச்சி வெயில்ல நிக்கிறீக? ஒரு வாய் தண்ணி குடிக்கிறீகளா?"

"வேணாம்த்தா" என்றேன்.

கொட்டிவிடு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும்.

பொழுது சாயுமுன் நுரை தள்ளிச் செத்துப்போனாள். அவள் உடலுக்கு விழுந்த முதல் மாலை என்னுடையது. மீன் பிடிக்க மருந்து கலக்கினான் என்று ஊர் சோணைமுத்துவைப் பிடித்தது. நானும் சாட்சி சொன்னேன். தலைவன் ஒதுங்கி நின்றால் நன்றாயிருக்குமா? ஏழு வருஷம் போட்டார்கள். நாலாம் வருஷமே சிறையில் செத்துவிட்டான்.

ஹனிபா இப்போது வாய் திறந்துவிட்டார் என்கிறீர்கள். சரி. மருந்து ஊற்றியது நான்தான். அவள் மொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். 'ஊர் நன்மைக்காக' என்று மட்டும் அதில் சேர்த்துவிடுங்கள். படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.