நடுவில் உட்கார்ந்து விழுங்குவது

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. விசிறிச் சத்தத்தில் எனக்குப் பேச்சு ஓடாது. உங்கள் ஸ்டேஷன் டீ அருமை. இராஜபாளையத்தில் எங்கள் கல்லூரி கேண்டீனில் இருபத்தாறு வருஷம் குடித்ததையும் டீ என்று சொல்லிவந்தேன், அதற்கே என்னை உள்ளே வைக்கலாம்.

நான் ஆவுடையப்பன், இயற்பியல் பேராசிரியர். வானத்தைப் படிப்பவன், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வானத்தை அல்ல. பஞ்சாலையில் தூசி பறக்கும்போது எதிரே நிற்பவன் முகம் தெரியாது. ஓடுகிற மிஷினின் சூடு மட்டும் மேலே அடிக்கும். விண்வெளியிலும் அப்படித்தான். நட்சத்திரங்கள் தூசிக்குள்ளே பிறக்கின்றன. வெளிச்சம் வெளியே வராது, வெப்பம் வரும். அதைப் பார்க்க 1983இல் ஒரு அகச்சிவப்புத் தொலைநோக்கியை மேலே அனுப்பினார்கள். அது அனுப்பிய பதிவுகளில் ஒரு நட்சத்திர மண்டலம் அடுப்பு மாதிரி தகதகத்தது. நட்சத்திரங்களின் பிரசவ வார்டு அது என்று எழுதினேன். பதினாலு வருஷம் அதையே திருப்பித் திருப்பி எழுதினேன். டாக்டர் பட்டம், பதவி உயர்வு, பொன்னாடைகள் எல்லாம் அந்த வார்டில் பிறந்தவைதான்.

அப்புறம் அசீனா வந்து சேர்ந்தாள், என்னிடம் ஆராய்ச்சி மாணவியாக. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் நைனா முகமதுவின் மகள். கெட்டிக்காரி. அது ஒன்றுதான் அவளிடம் இருந்த குறை. 95இல் ஐரோப்பாக்காரர்கள் இன்னும் கூர்மையான தொலைநோக்கியை அனுப்பினார்கள். பெங்களூர் நண்பர்கள் மூலம் அதன் பதிவுகள் எங்களுக்குக் கிடைத்தன. என் பிரசவ வார்டை அவள் கையில் கொடுத்து, "பாரும்மா" என்றேன். பார் என்றால் பார்த்துவிடுவதா?

ஒரு மத்தியானம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், தப்பா நெனைக்காதீக. இது பிள்ள பெறக்குற எடம் இல்ல. நடுவுல ஒண்ணு உக்காந்து முழுங்கிக்கிட்டிருக்கு. அந்தச் சூட்டத்தான் நாம இம்புட்டு நாளும் பாத்துக்கிட்டிருக்கோம்."

விஷயம் இதுதான். நட்சத்திரம் பிறந்தாலும் தூசி சூடாகும். நடுவில் ஒரு கருந்துளை இருந்து, சுற்றியுள்ளதை எல்லாம் இழுத்து விழுங்கினாலும் தூசி சூடாகும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வெப்ப ஒளியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறக்கிற இடத்துத் தூசியில் ஒருவகைக் கரி மூலக்கூறு பிழைத்திருக்கும். விழுங்குகிற இடத்துக்கு அருகே அது சிதைந்துவிடும். அவள் பிரித்துப் பார்த்திருந்தாள். கரி இல்லை.

அவள் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், முட்டாள் என்று எழுதிவிடாதீர்கள்.

"நான் ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்கம்மா" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அடுத்த மாசம் பெங்களூர் கூட்டத்துல சொல்லணும் சார். நீங்களும் கூட நில்லுங்க. நாமதான் கண்டுபிடிச்சோம்னு சொல்லுவோம்" என்றாள்.

நாமாம். என் வீட்டை இடித்துவிட்டு, இடித்த கூலியில் எனக்குப் பாதி தருகிறாளாம். எவ்வளவு பெரிய மனசு.

சூட்டைப் பார்க்கிற கருவி தானே சூடாக இருந்தால் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆய்வுக்கூடத்தில் எங்களிடம் இருந்த சின்னக் கருவியைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைப்போம். அது மாட்டாஸ்பத்திரியில் கிடைக்கும். சினை ஊசிக்கான காளை விந்தை அதில்தான் உறைய வைத்திருப்பார்கள். எங்கள் வானியல் காளைகளின் தயவில் நடந்தது. சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். அது விஷமும் இல்லை. நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு அதுதான். ஆனால் அடைத்த அறையில் ஆவியானால் நல்ல காற்றை வெளியே தள்ளிவிடும். ஆளுக்கு மூச்சுத் திணறாது, தூக்கம்போலச் சாய்ந்துவிடுவார். அதனால் அந்த ஜன்னலில்லாத அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுவிட்ச் வெளியே வராந்தாவில் இருக்கிறது.

அன்று ஒரு கேனுக்குப் பதில் மூன்று கேன் வாங்கி வந்தேன். "ஃபேன் அதிர்வுல அளவு ஆடுது, நிப்பாட்டிட்டு ஒரு தடவை எடும்மா" என்றேன். "சரி சார்" என்றாள். நட்சத்திரத்தைத் தவிர மற்ற எதிலும் என் பேச்சைத் தட்டாத பெண். அவள் கருவியில் கண்ணை வைத்திருந்தபோது, பின்னால் கேன்களைச் சாய்த்தேன். வெண்புகை தரையோடு பரவியது. "சிந்திருச்சு, நீ வேலையப் பாரு, ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கேண்டீனில் போய் டீ குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. பொறவு தாழ்ப்பாளை நீக்கி, ஆளையும் கூப்பிட்டேன்.

விபத்து என்றார்கள். இரங்கல் கூட்டத்துக்கு நானே தலைமை தாங்கினேன். அழுதேன், அது நிஜ அழுகை. நல்ல மாணவி கிடைப்பது லேசான காரியமா?

அவள் போன பிறகு அவள் கண்ட உண்மையை அநாதையாக விட மனசு வரவில்லை. பெங்களூர்க் கூட்டத்தில் நானே சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். தன் பழைய கருத்தைத் தானே மறுக்கும் நேர்மையை இதுவரை கண்டதில்லை என்றார் தலைவர். இப்படியும் ஒரு பெயர் கிடைக்கும் என்று முன்பே தோன்றியிருந்தால் அவளைக் கொன்றிருக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாராட்டு விழா வைத்தார்கள். நைனா முகமது பால்கோவா டப்பாவோடு முதல் வரிசையில் இருந்தார். மகளுக்கு வழிகாட்டிய சார் அல்லவா. எல்லாருக்கும் புரியட்டும் என்று நானும் மைக்கில், "நடுவில் ஒன்று உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருக்கிறது" என்றேன். மனுஷன் எழுந்துவிட்டார்.

"சார், இது எம்மவ சொன்னதுல்லா? பெங்களூருல பேசணும்னு எங்க பூத்துக்குள்ள நின்னு, சும்மா போனக் காதுல வச்சிக்கிட்டுப் பேசிப் பழகுனா. 'அத்தா, சாரு கோவிச்சுக்கிடுவாகளோ'ன்னு எங்கிட்டதான கேட்டா? அவ வாய்ல இருந்தத நீங்க எப்ப எடுத்தீக?"

டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு நேரே உங்களிடம் வந்தார். நீங்கள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேனை விசாரித்தீர்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அவளை உருவாக்கியவனும் நான்தான், அதையும் சேர்த்து எழுதுங்கள். தூசிக்குள் ஒரு சூடு தெரிந்தால், பிறக்கிறதா விழுங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல இந்த ஜில்லாவில் இன்று என்னை விட்டால் ஆள் இல்லை. முன்பு இரண்டு பேர் இருந்தோம்.