ஓரத்தில் ஒரு வட்டம்

— ஏங்க, காதுல விழுந்துச்சா இல்லையா? ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு உங்க பொண்ணு போன்ல கேட்டா.

— அந்தச் சின்ன உளிய எடு.

— வீட்ட விட்டுப் போனதுக்கப்புறம் இப்பத்தான் அவளா கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல?

— இது பெரிசு. பக்கத்துல இருக்கு பாரு, அது.

— உங்களுக்கு உளிதான் பொண்டாட்டி, உளிதான் புள்ள. புது மேசையில எதுக்குங்க பள்ளம் தோண்டறீங்க?

— ஒண்ணு பதிக்கணும்.

— பதிக்கறவங்க நடுவுல பதிப்பாங்க. இது ஓரத்துல, அதுவும் நாற்காலிக்கு இடது பக்கமா தள்ளி. ஊருக்கெல்லாம் அளவெடுத்துச் செய்யற கை, சொந்த வீட்டுல தப்பிடுச்சா?

— தப்பல.

— காலையிலேர்ந்து சுரண்டறீங்க. கொஞ்சம் மேடாத்தான் இருக்கட்டுமே. ஒட்டினப்புறம் இழைப்புளியால ஒரு இழுப்பு இழுத்தா மட்டமாயிடும். மத்தவங்களுக்கு அப்படித்தானே செஞ்சு குடுக்கறீங்க.

— இதும்மேல இழைப்புளி படக்கூடாது. உப்புத்தாள்கூடப் படக்கூடாது. உள்ள வச்சா, தானா மட்டமா உக்காரணும்.

— அப்படி என்ன, தங்கத் தகடா?

— ஜன்னலோரம் துணியில சுத்தி வச்சிருக்கேன், கொண்டா. பாத்து, மெலிசா அறுத்தது.

— என்னங்க இது, வட்டமா ஒரு மரத்துண்டு, கறையோட... இது நம்ம பழைய மேசை இல்ல? அவ டீ டம்ளர் வச்ச தடம்.

— ம்.

— செல்லரிச்சுப்போச்சு, மொத்தத்தையும் அடுப்புல போட்டுட்டேன்னு சொன்னீங்க.

— மத்ததெல்லாம் போட்டேன்.

— இந்தக் கறைக்காக அவளத் திட்டாத நாள் உண்டா? டம்ளருக்குக் கீழ ஒரு தட்டு வையின்னு தொண்டை கிழியக் கத்துவீங்களே.

— கத்தினேன். அவ எங்க வச்சா?

— அவ பேச்சையே இந்த வீட்டுல எடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்க.

— நான் எடுக்கலயே. நீதான் காலையிலேர்ந்து எடுத்துக்கிட்டு இருக்க.

— அவ இடது கைக்காரி. அதான் இடது பக்கமா தோண்டியிருக்கீங்க.

— ரேகையப் பாத்து வை. ரெண்டு மரத்துலயும் ஒரே பக்கமா ஓடணும். இன்னும் கொஞ்சம் திருப்பு. ம், கைய எடு.

— விரலால தடவினாக்கூட ஒட்டுத் தெரியல.

— பசையக் கொண்டா.

— தரேன். அவளுக்கு நான் என்னதான் சொல்லட்டும்?

— ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சிடும்னு சொல்லு. கீழ தட்டு கிட்டு எதுவும் வைக்க வேண்டாம்னு சொல்லு.