மதிய வெயிலில் எடுத்த படம்

மதிய வெயிலில் ஆளை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது என்பது ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும், ஐயா. என் மச்சினன் மண்டையில் மட்டும் அது ஏறவே இல்லை. அவன் எடுப்பான், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரிசெய்வேன். கல்யாணப் பெண்ணின் கன்னம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரிக்குழி. வெளுப்பைக் குறைத்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். இருட்டைத் தூக்கினால் புள்ளி புள்ளியாகப் பொரியும். ஒரு படத்துக்கே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

"ரா ஃபைலா எடுடா. அதுலதான் இருட்டுக்குள்ள இருக்கறதையும் வெளிய கொண்டுவர முடியும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"கார்டு சீக்கிரம் ரொம்பிடும் மாமா. நீங்க இருக்கீங்கல்ல, பாத்துக்குவீங்க" என்பான்.

படம் நன்றாக வந்தால் பாராட்டு அவனுக்கு. கெட்டுப்போனால் எடிட்டிங் சரியில்லை. மனைவியிடம் சொன்னால், "என் தம்பியைக் குறை சொல்லலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே" என்பாள். எனக்கு எரிச்சல் வரும், ஆனால் நான் கோபக்காரன் இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அன்று கட்டி முடியாத அடுக்குமாடியின் மொட்டை மாடியில் விளம்பரப் படம். மறுபடியும் மதிய வெயில். வெயில் தாழட்டும் என்றேன்; கேட்கவில்லை. வெளிச்சம் பார்க்க என்னையே எதிரில் நிற்கச் சொன்னான். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கேமராவில் கண்ணை வைத்தபடி, "உங்க பின்னாடி தண்ணி டேங்க் முழுசா வரலை மாமா" என்றான். அவனுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. அது எனக்குத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்றேன். கையாலும் காட்டினேன். நான் அவனைத் தொடவே இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் விழுந்த நேரத்தில் நான் ஸ்டுடியோவில் இருந்ததாக உங்கள் ஸ்டேஷனில் சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள். பிறகு நீங்களே அவன் கேமராவில் இருந்த கடைசிப் படத்தை என்னிடம் கொண்டுவந்து, எதிரில் நிற்கும் கறுப்பு உருவம் யாரென்று தெரிய வேண்டும் என்றீர்கள். முடியாது என்று கையை விரித்திருக்கலாம். ஆனால் அப்படியொரு படம் திரையில் கிடந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அவன் எடுத்ததுதானே, என்ன தூக்கினாலும் ஒன்றும் தேறாது என்ற தைரியமும் இருந்தது.

இருட்டைத் தூக்கினேன். முதலில் சட்டைப் பொத்தான் தெரிந்தது, பிறகு நீட்டிய கை, பிறகு முகம். என் முகம்தான். சிரித்துக்கொண்டிருக்கிறேன். சாம்பல் இல்லை, புள்ளி இல்லை. எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று அப்புறம்தான் பார்த்தேன். அன்று முதன்முறையாக ரா ஃபைலில் எடுத்திருக்கிறான்.

என் பேச்சைக் கேட்டுவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தது அவன் தப்புதானே, ஐயா.